நாற்பதைத் தாண்டாமல் பறந்த கார்

எஸ்தர் அக்கா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை முதல் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வாடகைக்கு ஓட்டப்போகிறாள். விளம்பரத்துக்கு ஓடுகிற காரின் படம் வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும் நான், நூலகப் புத்தகத்தில் ஓடும் வண்டியைப் படமெடுப்பது பற்றி வாசித்ததைச் செய்து பார்க்க இதைவிட நல்ல சாக்கு உண்டா? டிசம்பர் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம்.

அக்காவுக்கு அம்மா போட்டது ஒரே நிபந்தனை. "நாப்பத தாண்டுனேன்னு தெரிஞ்சா சாவிய குடுத்துட்டு ஊட்ல இரு."

பாகாலா வரை பனி. மரங்கள் அரைத் தூக்கத்தில் நின்றன. அங்கே டீ குடித்துவிட்டு, சித்தூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள சந்திரகிரிக்கு எட்டு மணிக்குச் சேர்ந்தோம். அக்கா காரை ஓட்டி வர, கோட்டைக்குப் போகும் சாலையோரம் நான் இறங்கி நின்று கேமராவை உயர்த்தியதும் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. "திருப்பதியா பாப்பா? ஏறு."

"போட்டோ எடுக்கறேண்ணா."

அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "எடு."

"ஓடினாதாண்ணா எடுக்க முடியும்."

"ஏமி பாப்பா, ஓடறவன எப்டி எடுப்ப?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எடுக்கும் வழி இதுதான். ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்து, கார் வரும்போதே அதைப் பின்தொடர்ந்து இடுப்பைத் திருப்ப வேண்டும். முதலில் எல்லாமே கலங்கின. பிறகு ஒரு படத்தில் கார் மட்டும் தெளிவாக நின்றது. மலையும் கோட்டைச் சுவரும் கரைந்து பச்சையும் பழுப்புமாக ஓடின. உலகமே ஆறாகிவிட, அக்கா மட்டும் அமைதியாக அமர்ந்திருந்தாள்.

பெருமையாக அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இன்னாடி இது, மலையே தெரில? எவ்ளோ ஸ்பீடுல போய்க்கினு கீறா?"

"முப்பத்தஞ்சும்மா."

"போட்டோ பொய் சொல்லுமா? ஊட்டுக்கு வாங்க ரெண்டு பேரும்."

திரும்பும் வழியில் அக்கா முப்பதைக்கூடத் தாண்டவில்லை. வீட்டில் சாவி அம்மாவின் முந்தானைக்குப் போனது. ஷட்டர் பற்றி நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கெஞ்சி அம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்தோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள சாலையில் அக்கா முப்பதில் ஓட்டினாள். அம்மா வேகமுள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாலையோரம் நின்ற நான் காரோடு திரும்பினேன், அழுத்தினேன்.

படத்தில் மின்கம்பங்கள் எல்லாம் கோடுகளாகப் பறந்தன. நடுவில் குனிந்த அம்மாவின் முகம் தெளிவாக இருந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"முப்பதுதான் இருந்துச்சு," என்று முணுமுணுத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை அக்காவிடம் நீட்டினாள். "இன்னொரு வாட்டி போலாம். இந்த வாட்டி நான் வெளிய பாக்கறேன்."

நீங்களும் முயல்வதானால்: ஒன்பது மணிக்குள் போங்கள், அப்போதுதான் வெளிச்சம் மிதமாக இருக்கும். தார்ச்சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். கையை அதிகம் உயர்த்தினால் ஆட்டோக்கள் நிற்கும். பொத்தானை அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். படத்தை வீட்டுக்கு அனுப்பும் முன், வீட்டில் ஒருவரைக் காரில் ஏற்றிவிடுங்கள்.