தட்டில் அடித்த மயில்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், நானும் என் மனைவியின் அண்ணனும் ஸ்பீக்கர் செட் வைத்திருந்தோம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில்தான் பாட்டு. மைக்கில் பேசுவது மச்சான், இசைத்தட்டு மாற்றுவது நான். எனக்கு அதுதான் வசதி.

எங்களிடம் ஒரு கல்யாணப் பாட்டுத் தட்டு இருந்தது. அது பாடினால்தான் பெண் ஊர்வலம் நகரும் என்ற அளவுக்கு அதற்குப் பேர். அதற்காகவே எங்களைக் கூப்பிடுவார்கள். ஆனால் இரண்டு செட் ஒரே இடத்தில் சேர்ந்தால் தட்டுகள் கலந்துவிடும். ஒருமுறை அதைத் தேடிப் பூண்டுலோயா வரை போய் மீட்டு வந்தோம். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். பெண் வீட்டுக்கு நாங்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு தோட்டத்து செட். அதற்குள் தட்டுகளின் நடுவிலிருக்கும் வட்டக் காகிதத்தில் தோட்டத்தின் பெயரையும் ஒரு படத்தையும் அடித்துவிடத் தீர்மானித்தோம்.

எப்படி அடிப்பது என்பதில்தான் தகராறு. நான் ஹட்டனில் ரப்பர் முத்திரை செய்துவந்தேன். வழவழப்பான காகிதத்தில் மை காயாமல் உறையெல்லாம் அப்பிக்கொண்டது. பிறகு அச்சகத்தில் வட்டச் சீட்டு அடித்து மாவுப் பசையால் ஒட்டினேன். இந்தப் பனியில் பசை எங்கே காய்வது? ஒரு பழைய தட்டைச் சீட்டோடு அடுப்போரம் வைத்துப் பார்த்தேன். விளிம்பெல்லாம் நெளிந்துவிட்டது.

"எண்ணெயில போட்டிருந்தா அப்பளமாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் மனைவி.

மச்சான் பேக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் அடிப்பவர். "மாப்ள, தகரத்துல எழுத்த வெட்டி மேல மையத் தடவுவோம். அந்த மை லண்டன் வரைக்கும் அழியாம போவுது. நோர்வூட்டுக்குப் போவாதா?" என்றார்.

நான் ஒரு மயில் வரைந்து கொடுத்தேன். தோகையை மெல்லியதாக வெட்டினால் தகரம் பிய்ந்துவிடும் என்று மச்சான் அதைக் குட்டையாக்கிவிட்டார். நடுத்துளை பொருந்தும்படி தகரத்தை வைத்து, அரைகுறையாக மை தோய்ந்த பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். கச்சிதமாக விழுந்தது.

"கோழி நல்லா வந்திருக்கு" என்றாள் மனைவி.

"மயிலு."

"சரிங்க, மயிலு. முட்ட போடுமா?"

நான் அடுத்த தட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

கல்யாணத்தன்று மழை. இரண்டு செட்டையும் ஒரே கொட்டகையில் இறக்கிவைத்துவிட்டுப் பிறகுதான் பிரித்து எடுத்துப்போனோம். பெண் புறப்படும் நேரம் பார்த்தால் அந்தக் கல்யாணப் பாட்டுத் தட்டைக் காணோம். மச்சான் ஸ்பீக்கர் குழாயைச் சரிசெய்ய மரத்தின் மேல் இருந்தார். "மைக்கில கேளு, மாப்ள!" என்று அங்கிருந்தே கத்தினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

மைக்கைப் பிடித்தேன். "மயில் படம் போட்ட தட்டு அந்தப் பக்கம் வந்திருந்தா அனுப்பி வைங்க."

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு ஸ்பீக்கர் மலைக்கு மலை எதிரொலிக்கப் பதில் சொன்னது: "மயில் ஏதும் இல்லீங்களே! கோழி ஒண்ணு நிக்குது. கீழ உங்க தோட்டத்துப் பேரு. கோழிய அனுப்பவா?"

கூட்டம் சிரித்தது. மணப்பெண்ணும் முக்காட்டுக்குள் சிரித்தாள். மனைவி மட்டும் சிரிக்காமல், "சொல்லுங்க, நேரமாகுது" என்றாள்.

"அந்தக் கோழிதாங்க எங்களுது. அனுப்பி வைங்க" என்றேன்.

தட்டு வந்தது. பாட்டு பாடியது, ஊர்வலம் நகர்ந்தது.

மறுநாள் காலை, இனி வாங்கும் தட்டுகளுக்கும் ஆகுமென்று தகரத்தை மண்ணெண்ணெயில் கழுவி வைத்துவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன்.