சேர்வதற்கு முன்பே மாறிய சட்டம்

காலை எட்டு பத்துக்கு மகள் நிவேதா போனில் அழுகிறாள். "அம்மா, என் தப்பால ஒரு ஆர்டரே நிக்குது. வேலை போயிரும்." கோவில்பட்டியில் பஸ் ஏறுகிறேன். மதியம் இரண்டரைக்கு, திருப்பூர் நல்லூரில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குள் நுழைகிறேன்.

அவள் தரையில் உட்கார்ந்து, டி-சர்ட்டுகளின் பக்கத் தையலைப் பிரித்துப் பழைய லேபிளை உருவிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. அவள் தோளை உரசியபடி செக்கிங் சூப்பர்வைசர் சரசு.

"இந்த ஆர்டர் போற நாடு இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்துல சேரலியேன்னு நிவேதா கண்ணு பழைய லேபிளையே வெச்சுருச்சுங்க," என்கிறார் சரசு. "சேர்றதுக்கு முன்னாடியே லேபிள் சட்டத்தையெல்லாம் அவங்களாட்ட மாத்தோணுமாமுங்க. பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே ஊட்டுக்கு வெள்ளையடிக்கிறாப்பல!"

நிவேதா சிரிக்கிறாள். அழுவதற்கு நான், சிரிப்பதற்கு இந்தப் பெண்மணி. நானும் நூல் வெட்டும் டிரிம்மர் ஒன்றை எடுக்கிறேன்.

"துணி ஓட்டையாயிரும்மா. நீங்க சும்மா உக்காருங்க," என்கிறாள் நிவேதா.

ஸ்டூலில் உட்கார்ந்து, சரசுவின் விரல் வேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். புது லேபிள்களைத் தைத்து முடிக்கிறார்கள்.

ஐந்து மணிக்கு, வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் ஒருவழியாக வருகிறார். பத்துப் பன்னிரண்டு டி-சர்ட்டுகளை உட்புறம் திருப்பிப் பார்க்கிறார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க. லாரியில ஏத்தீருங்க."

நிவேதா அழுதுகொண்டே சரசுவைக் கட்டிக்கொள்கிறாள். இன்ஸ்பெக்டர் சரசுவைப் பார்த்துக் கேட்கிறார்:

"ஏனுங்க, இது உங்க பொண்ணுங்களா?"