கப்பலில் ஒரு சமையல்காரி

எதையும் கேட்டுவிட்டுச் செய்கிற மனிதர்களுக்கு இந்த உலகத்தில் கொஞ்சம் சிரமம்தான். பத்திரக்காரர் அந்த வகை. இருபத்தாறு வருடமாக வீடு, மனைப் பத்திரங்கள் எழுதுகிறவர். வடக்கே யார் சுவர், தெற்கே எவர் வேலி என்று எழுதி, மூன்று முறை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவார். தன் வீட்டு மாடியில் ஆணி அடிக்கக்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் அடுத்தவர் கதையை எடுத்துப் படம் பண்ணினார். பன்னிரண்டு வயதில் அவர் வாய் பிளந்து பார்த்த விண்வெளித் தொடர் ஒன்று. வழி தவறிய ஒரு கப்பல், அதில் ஏழு பேர். தயாரித்த நிறுவனம் தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டது. கப்பல் வீடு வந்து சேர்ந்ததா இல்லையா என்று எவரும் சொல்லவில்லை. கல்யாணமாகி, முடி கொட்டி, மூக்குக்கண்ணாடி வந்த பிறகும் அந்தக் கப்பல் அவர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை எப்படியாவது தரையிறக்கிவிட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

தன்னைப் போலவே கிறுக்குப் பிடித்த ஐந்து ரசிகர்களைத் தேடிப் பிடித்தார். நாலு வருடம், விடுமுறை நாள் எல்லாம் படப்பிடிப்பு. கார் நிறுத்தும் அறை கப்பலின் கட்டுப்பாட்டு அறை ஆனது. பழைய ஜன்னல் திரைகள் சீருடை ஆயின. கப்பல் தலைவனாக நடித்தவன் அவருடைய மைத்துனன், பேருந்து ஓட்டுநர். எந்தக் காட்சியிலும் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி அடிக்கடி வலப்பக்கம் திரும்புவான். அந்தப் பழக்கத்தை யாராலும் மாற்ற முடியவில்லை.

அவருடைய மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தொடரை அவள் பார்த்ததே இல்லை. கதையை வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, இந்த ஏழு பேரும் இத்தனை வருஷமா என்னத்தச் சாப்பிட்டாங்க?"

தொடரில் யாரும் சாப்பிட்டதே இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் மனைவி. கப்பலுக்குச் சமையல்காரி அவள்தான் என்று முடிவானது. தன் வசனத்தைத் தானே எழுதினாள். வீட்டுச் சமையலறை அலமாரிகளில் வெள்ளிக் காகிதம் ஒட்டி அங்கேயே நடித்தாள்.

படம் முடிந்தது. இருபத்தெட்டு நிமிடம். அப்போதுதான் மனிதர் அந்தக் காரியத்தைச் செய்தார். ரசிகர் படம் எடுப்பவர்களிடையே எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. காசு வாங்காதே, சத்தம் போடாதே, முக்கியமாக அனுமதி கேட்காதே. கேட்காதவரை நிறுவனம் கண்டும் காணாமல் இருந்துவிடும். கேட்டுவிட்டால் வக்கீல் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும் நம்மவர் பதிவுத் தபாலில் அனுமதி கேட்டு நாலு பக்கக் கடிதம் போட்டார், இணைப்புகளுடன்.

மூன்று வாரத்தில் வந்தது பதில். தொடரின் பெயர், முகப்பு இசை, கப்பலின் தோற்றம், சீருடை, ஏழு கதாபாத்திரங்கள், அவர்களுடைய பயணக் கதை எல்லாம் நிறுவனத்தின் சொத்து. இவை இடம்பெறும் படத்தை எங்கும் திரையிடக் கூடாது.

மைத்துனன் வேலை முடிந்து ஓட்டுநர் சீருடையோடு நேராக வந்துவிட்டான். "மாமா, சும்மா இருந்தவங்களத் தட்டி எழுப்பி, எங்களப் பிடிச்சுக் கட்டுங்கன்னு கயிறும் நீங்களே குடுத்திருக்கீங்க."

பத்திரக்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கப்பல் மறுபடியும் நடுவழியில் நின்றுவிட்டது, இந்த முறை தன் கையாலேயே என்பதுதான் அவரை அரித்தது.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒரு மனைப் பத்திரத்தைச் சரிபார்க்கும்போது பேனா நின்றது. கடிதத்தை எடுத்து, பத்திரம் வாசிக்கிற கண்ணோடு வாசித்தார். எல்லை போட்டுத்தானே கொடுத்திருக்கிறார்கள். எல்லைக்குள் இருப்பது அவர்களுடையது. அதில் சமையல்காரி இல்லை. எப்படி இருப்பாள்? அவள் பிறந்ததே அவர் மனைவி கேட்ட கேள்வியில்தானே.

வீட்டுக்கு வந்து படத்தை வெட்ட ஆரம்பித்தார். பெயர் போனது, இசை போனது, கப்பல் போனது. மைத்துனன் தலை முதல் கால் வரை போனான். மிஞ்சியது ஒன்பது நிமிடம். ஒரு சமையலறை, ஒரு பெண், கதவுக்கு வெளியே யாரோ நடக்கிற சத்தம். அதையும் நிறுவனத்துக்கு அனுப்பினார். மனிதர் திருந்துகிற ஜாதி இல்லை.

இந்த முறை பதில் நாலே வரி. இதில் எங்களுடையது எதுவும் இல்லை. உரியவர் விருப்பப்படி திரையிடலாம்.

உரியவர் யார் என்று எழுதிவைக்காமல் அவரால் தூங்க முடியாது. நல்ல தாளில் பத்திரம் எழுதினார். கதையும் பாத்திரமும் என் மனைவிக்குச் சொந்தம் என்று போட்டு, சாட்சி இடத்தில் தான் கையெழுத்திட்டார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் தாளை மடித்துப் பீரோவில் நகைப்பெட்டிக்குக் கீழே வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நூலகக் கூடத்தில் திரையிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும். படத்தில் அவள் ஏழு தட்டுகளைக் கழுவி அடுக்குகிறாள். தரை ஒரு முறை அதிர்கிறது, தட்டுகள் குலுங்குகின்றன. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்கிறாள். முகத்தில் வெயில் விழுகிறது. சமையல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள்.

"வாங்க, வீடு வந்தாச்சு," என்கிறாள் வெளியே இருப்பவர்களைப் பார்த்து.

விளக்கைப் போட்டார்கள். மைத்துனன் முன் வரிசையிலிருந்து திரும்பி, "மாமா, எனக்கும் சேர்த்துத்தானே தட்டு கழுவுச்சு அக்கா? அப்ப நானும் வந்து சேந்துட்டேன்," என்றான்.

பத்திரக்காரர் தலையாட்டினார். ஏழு தட்டு, எண்ணிவிட்டார்.