மூன்றாவது ஓலைக்குத் தடை சொன்னவர்

கல்யாணத்துக்குத் தடை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பெண்ணைப் பெத்தவரே கோயிலில் எழுந்து சொன்னது எனக்கு மட்டும்தான் நடந்திருக்கும். வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

1983. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் எனக்கும் மார்க்கிரட்டுக்கும் ரெண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. எங்கள் வழக்கம் அது. மூணு வாரம் பூசையில் பேர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார் ஃபாதர். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மூணாவது வாரம் முன்பெஞ்சிலிருந்து மார்க்கிரட்டின் அப்பா அந்தோனிப்பிள்ளை எழுந்தார். ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர்.

"தடை இருக்கு ஃபாதர். ஆண்டவர் வாறார்."

பின்னால் எவனோ, "எந்த பஸ்ல லா?" என்றான். கோயிலே சிரித்தது.

நான் பண்டமாரானில் துறைமுக லோரி ஓட்டுகிறவன், படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்குத்தான் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பூசை முடிந்து ஃபாதர் அறையில், "லோரிக்காரன் வேணாம்னு நேரா சொல்லுங்க அங்கிள்," என்றேன்.

"நீர் நல்ல பிள்ளை. நான் உமக்கு எதிராச் சொல்லேல்ல."

அந்த வாரம்தான் கடை மாடியில் நடக்கிற ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். சுவிசேஷத்தில் வருகிற அத்திமரம் இஸ்ரேல், அது 48ல் துளிர்த்தது, அதைப் பார்க்கிற தலைமுறை ஒழிவதற்குள் முடிவு வரும், ஒரு தலைமுறை நாற்பது வருஷம், ஆக 88க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நோவா காலத்திலும் பெண் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தபோதுதானே வெள்ளம் வந்தது என்றார்.

"அந்தத் தலைமுறைன்னு சொன்னது எதிர்ல நின்னு கேட்டவங்களை," என்றார் ஃபாதர். "அவங்க காலத்திலேயே எருசலேம் கோயில் இடிஞ்சு போச்சு. கடைசி நாளும் வரும், ஆனா எப்பன்னு தேவ மகனுக்கே தெரியாது. நோவா காலத்துல சாப்பிட்டாங்கன்னும்தான் எழுதியிருக்கு. நீங்க சோத்தை விட்டுட்டீங்களா?"

அவர் அடுத்த வசனத்துக்குத் தாவினார். "அந்த நாட்கள்ல கர்ப்பிணிகளுக்கு ஐயோ எண்டு இருக்கே?"

"அதுவும் அன்னிக்கு ஊரைவிட்டு ஓடினவங்களைப் பத்தினதுதான்."

"எண்டைக்கு ஓடினாலும் ஓடுறவள் பொம்பிளைதானே, ஃபாதர்."

அப்புறம்தான் சொன்னார். ஜப்பான்காரன் கிள்ளானில் குண்டு போட்டபோது அவருடைய அக்கா நிறைமாசம். ரப்பர் தோட்டத்துக்குள் ஓடி, மழையில், மரத்தடியில் பிரசவம். தாயும் பிள்ளையும் மிஞ்சவில்லை. கூட இருந்தது இவர் ஒருத்தர்தான், பதினாலு வயசில்.

இது கோயில் சட்டப்படி தடையில்லை என்று ஃபாதர் சொல்லிவிட்டார். மார்க்கிரட் கேட்கவில்லை. "அப்பா வாயால சரின்னு வரட்டும். காத்திருக்க முடியாட்டி நீங்க வேற இடம் பாருங்க," என்றாள். நான் பார்க்கவில்லை. "உலகம் அழியுதோ என்னமோ, உன் மண்டை நரைக்கப் போகுது," என்பாள் என் அக்கா ரமணி.

88 போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் அந்தோனிப்பிள்ளை பஸ் பிடித்துப் பண்டமாரானுக்கு வந்து என் லோரி பக்கத்தில் நின்றார்.

"எருசலேமைப் பிடிச்ச 67ல இருந்து எண்ணோணும் எண்டு கூட்டத்தில கணக்கை மாத்திட்டாங்கள். நான் மாத்தேல்ல. ஓலையைத் திரும்ப வாசிக்கச் சொல்லும்."

"அஞ்சு வருஷம் அங்கிள்."

"ஓம்," என்றார். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு வார்த்தை கிடையாது.

கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். மார்க்கிரட் முழுகாமல் இருந்தபோது, அவள் துணி காயப்போடப் போனால்கூடப் பின்னாலேயே போய் நிற்பார். பிறகு நெஞ்சு வலியில் படுத்துவிட்டார். 91 ஜனவரி, டிவியில் வளைகுடாச் சண்டை. மாடிக் கூட்டத்துக்காரர்கள் வேனில் வந்து, எட்டு மாச வயிற்றோடு உட்கார்ந்திருந்தவளிடம் அந்த ஐயோ வசனத்தையே வாசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறோம் என்று போனார்கள். அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

உள்ளே படுத்திருந்தவருக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். அன்று சொன்னதுதான் அவருடைய கடைசிப் பேச்சு, அடுத்த வாரம் அடக்கம் செய்தோம்.

"ஃபாதர் சொன்னது சரியோ, அவங்கள் சொல்லுறது சரியோ, எனக்குத் தெரியாது," என்றார். "பிள்ளை பிறக்கும்வரைக்கும் அவங்கள் அவளுக்குக் கிட்ட வரப்படாது. நாளைக்கு லோரியை வாசல் கேட்டுக்குக் குறுக்கே நிப்பாட்டும்."