ரங்கூனிலிருந்து வந்த கோடி

தந்தியைத் திட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அது வந்தாலே எங்கோ ஒரு தலை சாய்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பார்கள். நான் திட்டமாட்டேன். யாராவது திட்டினால் சண்டைக்கும் போவேன். என் அம்மா மரியாதையோடு காடு போய்ச் சேர்ந்தது அந்தக் கம்பியின் தயவில்தான்.

எங்களுக்கு முக்கூடல். ஆற்றுக்குத் தென்கரையில் ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரயிலடியில் தந்தியும் இருந்தது. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியவர் ஒரே தம்பி. அவரும் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பெண் கண்ணை மூடினால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து மேலே விழ வேண்டும், பிறகுதான் தூக்கலாம் என்பது எங்கள் முறை. ஆளில்லாவிட்டால் புகுந்த வீட்டார் ஏதோ ஒரு துணியைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். அப்படிப் போனவளைப் பற்றி ஊர் பல காலம் பேசும். அப்பாவின் அக்காளான என் அத்தை, அம்மா உயிரோடு இருக்கும்போதே பேசினாள். "ஒனக்குக் கோடி போட ஆரு வாரா? கப்பல்ல வரும், பாத்துக்கிட்டே கெட" என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே அரிசியைக் களைவாள். காய்ச்சலில் படுத்த பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந் தம்பி கோடி இல்லாம என்னத் தூக்க விட்டுராத, தாயி" என்றாள்.

ஒரு விடியற்காலையில் அம்மா போய்விட்டாள். அப்பா உடனே ஆளை ஆற்றைக் கடக்கச் சொல்லி ரங்கூனுக்குத் தந்தி அடித்தார். முன்பெல்லாம் கடுதாசி போய்ச் சேர்வதற்குள் இங்கே கருமாதியே முடிந்திருக்கும். தந்தி போனாலும் மாமா பறந்தா வரமுடியும்? பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் தந்திச் சேவகன் தெருமுனையில் திரும்பினான். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். அத்தை பார்த்துவிட்டாள். "அய்யோ, அக்கா பின்னாலயே தம்பியும் போயிட்டானே" என்று தொடங்கினாள். பெண்கள் அத்தனை பேரும் வட்டம் கட்டிக்கொண்டார்கள். மாமா சின்ன வயதில் மாங்காய் திருடியதுவரை ஒப்பாரியில் வந்துவிட்டது. நானும் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். சேவகன் மிரண்டுபோய் நின்றான். குரல்கள் கொஞ்சம் தணிந்ததும், "ஜவுளிக்கடை ராவுத்தர் இங்கன இருக்காருன்னு சொன்னாவ. தந்தி அவருக்கு" என்றான்.

ராவுத்தர் வாசல் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். மாமாவும் அவரும் சிறுவயதிலிருந்தே தோழர்கள். எங்களுக்கு அவரும் மாமாதான். இங்கிலீஷ் தெரிந்த மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் தந்தியை வாங்கிப் படித்து எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "என் இடத்தில் நின்று அக்காளுக்குக் கோடி போடு. பச்சை. அரக்குக் கரை."

உயிரோடிருக்கிறவருக்கு அழுத வெட்கத்தில் பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் சமாளித்துக்கொண்டாள். "ஒடம்பொறந்தவன் கையால விழ வேண்டிய கோடி. கம்பியில சொல்லியனுப்புனா முறையாகுமா?" என்றாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை. "பச்சைன்னு சொல்லியிருக்காவ அத்தை. அரக்குக் கரைன்னு சொல்லியிருக்காவ" என்றேன். அம்மாவின் தலைப்பொங்கலுக்கு மாமா எடுத்துக்கொடுத்த சேலையும் அதே நிறம், அதே கரை. அம்மா உடுத்திக் கிழிந்து, எனக்குத் தொட்டிலாகவும் தொங்கிய சேலை. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. நிறத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மாமா சொல்லியிருந்தார்.

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ராவுத்தர் பக்கம் திரும்பி, "கடையில பச்சை கெடக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அவள் அதுவரை பேசியதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

ராவுத்தர் கடைக்கு ஓடியதைப் பார்த்தவர்கள், அந்தக் கனத்த உடம்பு அப்படி ஓடும் என்று நினைக்கவே இல்லை என்றார்கள். மூச்சு வாங்க வந்தவர், செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, சேலையை விரித்து அம்மாமேல் போர்த்தினார். "அக்கா, தம்பி அனுப்பியிருக்கான்" என்றார். அந்த ராவுத்தர் மாமா இருக்கிற திசை நோக்கி இன்றைக்கும் கும்பிடுவேன்.

மாமா கப்பலும் ரயிலும் மாறி வந்து சேர்ந்தபோது பதினாறும் கழிந்திருந்தது. கோடி விழுந்ததென்று அவருக்குப் பதில் தந்தி அடிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவுக்குத்தான் தந்தி என்றே பழகியிருந்தோம். நடுக்கடலில் அத்தனை நாளும் அவர் அதை நினைத்தபடியே வந்திருக்கிறார். வாசற்படி ஏறவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. தெருவில் பெட்டியைத் தலையில் வைத்தபடியே நின்று, "கோடி விழுந்துச்சா தாயி?" என்று கேட்டார்.

"விழுந்துச்சு மாமா. அம்மா அதப் போத்திக்கிட்டுதான் போனா" என்றேன்.

பிறகுதான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அக்காளுக்காக அழுதார்.