தலையில்லாத பனை

எங்கள் ஊருக்குப் பின்னால் குளம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே பிரியாணிக்கு உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. வயிறு சரியில்லை என்று நினைத்து உம்மா சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுப்பாள்.

வாப்பாவின் தம்பியை நான் சாச்சா என்பேன். அவர் சவூதியை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, வீட்டில் எல்லோரும் கம்பளியும் சென்ட் பாட்டிலும் எதிர்பார்த்தார்கள். அவர் கொண்டுவந்தது முழங்கை நீள லென்ஸ் வைத்த ஒரு கேமரா. விடிந்தால் என்னை பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போய்விடுவார். வீட்டில் அவருக்குக் கிறுக்கன் என்று பெயர். பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அவர் ராஜா. மார்கழியில் பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி எங்கள் குளத்துக்கு வரும். முதல் படத்தை சாச்சாதான் குழுவில் போடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பைனாகுலரும் ஃபிளாஸ்க்குமாகக் கரையில் கூடிவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோருக்கும் அவர் 'சார்'.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில் இடி மட்டும் இடித்து, கரையில் நின்ற ஒற்றைப் பனையைக் கருக்கிவிட்டுப் போனது. மட்டையெல்லாம் உதிர்ந்து அது மொட்டையாக நின்றது. குளத்தின் நடுவில் கொஞ்சம்போலத் தண்ணீர். இனி இது எதற்கு, மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வருடா வருடம் வாத்து வருகிற குளம், மூடக்கூடாது என்று சார் எழுதிக் கொடுத்திருந்தார். பொங்கல் கழிந்ததும் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. அதற்குள் வாத்து வந்தாக வேண்டும். நாங்கள் தினமும் போய்ப் பார்த்தோம். மாடுகள்தான் நின்றன.

பொங்கலுக்கு மறுநாள் சாச்சா குழுவில் ஒரு படம் போட்டார். படம் முழுக்க வாத்து, ஓரத்தில் கரைப் பனை. நான் எட்டிப் பார்த்தேன்.

"இது போன வருசம் எடுத்ததுல்லா சாச்சா?"

"பைய பேசு புள்ள. வரப்போறதத்தானே சொல்லுதேன். நாலு நாள் முந்திச் சொன்னா என்ன குடியா முழுகிரும்?"

எனக்கு ஒரே சந்தோஷம். பெரியவர்களை ஏமாற்றும் விளையாட்டில் என்னையும் கூட்டாகச் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்தேன். சார் அந்தப் படத்தை அப்படியே அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லோரும் கரைக்கு வந்தார்கள். வாத்து இல்லை. காலையில்தான் பறந்து போயின என்றார் சாச்சா. யாரும் சந்தேகப்படவில்லை. சார் மட்டும் கையிலிருந்த போனைப் பார்த்தார், நிமிர்ந்து பனையைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"ஏன் வே, இந்தப் பனைக்கு எப்ப வே தலை முளைச்சுது?"

சாச்சா தலை குனிந்து நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அன்று மாலையே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். சார் நேர்மையான மனிதர். அந்தப் படம் பொய் என்று அவரே அதிகாரிகளுக்கு எழுதிவிட்டார். அப்படியானால் முந்தைய வருடப் படங்களை மட்டும் எப்படி நம்புவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது. நேர்மையும் பொய்யும் சேர்ந்து அந்தக் குளத்தை முடித்துவிட்டன என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும்.

தை முடிவதற்குள் வாத்துகள் வந்தன. அன்றைக்குக் கரையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இருந்த கொஞ்சத் தண்ணீரில் மாடுகளுக்கு நடுவே அவை இறங்கி நின்றன. மறுகரையில் லாரிகள் சரளை கொட்டத் தொடங்கியிருந்தன.

"பனையையும் சேத்து எடுங்க சாச்சா, அப்ப நம்புவாங்கள்ளா!" என்று நான் குதித்தேன்.

அவர் எடுத்தார். மொட்டைப் பனையும் வாத்துகளும் ஒரே படத்தில் விழுந்தன. அதை சாருக்கு அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'இப்போ படத்துல பனைக்கு மொட்டை போடவும் படிச்சாச்சா வே?' பதில் இதுதான் என்று வெகுகாலம் கழித்து, எனக்குக் கல்யாணமான பிறகு, சாச்சாவே சொன்னார்.

அன்றைக்கு அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நல்ல பதில் போலிருக்கிறது என்று நானும் கூடச் சிரித்தேன். பைக் நிற்பதற்குள் குதித்து இறங்கி, "உம்மா, குளம் தப்பிச்சுட்டு!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். சாச்சா என்னைத் தடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.