காலர் மிஷினுக்கு முன்னால் குவிந்த சட்டைகள்

அந்த மேனேஜரை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வயதானால் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியம் என்ன என்பதும் எனக்குப் புரியவில்லை.

யுத்த காலம். மாம்பலம் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பங்களாவின் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு, பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைக்கு வருவதற்கு முன் எனக்கு அங்கே வேலை. முடிந்த சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் மடித்து வைக்க வேண்டும். என் மேசையிலிருந்து கொட்டகை முழுவதும் தெரியும்.

ஆரம்பத்தில் தையல்காரர் ஒவ்வொருவரும் ஒரு முழுச் சட்டையைத் தைத்தார்கள். தையல்காரருக்கு எதிரே ஒரு கைவேலைக்காரர் தரையில் உட்கார்ந்திருப்பார். காஜா எடுப்பதும் பித்தான் கட்டுவதும் அவர் பொறுப்பு. பட்டணத்தில் எந்தத் தையல் கடையிலும் அப்படித்தான். காஜாவுக்குச் சட்டை வரும்வரை அவர் சும்மா இருப்பதில்லை. தைத்து எறிந்த காலரை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மூலைகளைக் கூராகக் குத்தி எடுத்து, இஸ்திரி வைத்துத் திரும்பக் கொடுப்பார். யாரும் சொல்லி அவர் இதைச் செய்வதில்லை. இதை ஒரு வேலை என்று யாரும் சொல்வதும் இல்லை.

பம்பாயில் ஏதோ பயிற்சி முடித்துவிட்டு வந்தவர் மேனேஜர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். நல்ல தையல்காரர் ஒருவரின் பக்கத்தில் நின்று, பைக்கு எவ்வளவு நேரம், கைக்கு எவ்வளவு, காலருக்கு எவ்வளவு என்று அளந்தார். பிறகு சட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து, மிஷின்களை ஒரே வரிசையில் போட்டார். ஒருவர் பை மட்டும், ஒருவர் கை மட்டும், ஒருவர் காலர் மட்டும், அப்புறம் கைவேலைக்காரர்கள் தனியாக உட்கார்ந்து காஜா மட்டும், கடைசியில் என் மேசை. எல்லோருக்கும் சம அளவு வேலை இருந்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதை அவர் பாலன்ஸ் என்று சொல்வார். யோசனையில் தவறில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அளந்த விதத்தில்தான் தவறு. தையல்காரரின் கால் மிதியில் இருந்த நேரத்தை மட்டும் அவர் அளந்தார். காலர் எதிரே உட்கார்ந்தவர் கையில் இருந்தபோது தையல்காரர் அடுத்த சட்டையின் பையைத் தைத்துக்கொண்டிருந்தார். வாட்சும் அந்தப் பைக்குத்தான் ஓடியது. ஆகவே திருப்புவது, குத்துவது, இஸ்திரி வைப்பது எதுவும் யார் பங்கிலும் ஏறவில்லை. புதிய வரிசையில் அத்தனையும் காலர் மிஷினில் உட்கார்ந்தவர் தலையில் விழுந்தது.

அங்கே உட்கார்ந்தவள் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்தவள். புருஷன் பட்டாளத்துக்குப் போய்ச் சேதி இல்லை. இரண்டு குழந்தைகளுக்கு அவள் கூலிதான் சோறு. அவள் தைத்த காலர் ஒன்றைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை.

அவளுக்கு முன்னால் சட்டைகள் குவிந்தன. அவளுக்கு அப்பால் இருந்த நாங்கள் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் வாட்சோடு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏன் உன் கை இப்படி மந்தமா ஓடறது?"

"நானு இன்னா சார், குந்திக்கினு கதையா பேசறேன்? தெச்சா முடிஞ்சிதா? திருப்பணும், மூலை குத்தணும், இஸ்திரி பொட்டி வெக்கணும். ரெண்டு கைதான் கீது."

"வாட்ச் பொய் சொல்லாது."

"அப்போ அத்த இங்க வெச்சிட்டுப் போ சார். அதுவும் ரெண்டு காலரு திருப்பட்டும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் குவியல் கரையாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்.

நான் எழுந்து போய், காலரைத் திருப்பும் நேரம் உங்கள் அளவில் வரவில்லை என்று சொன்னேன். "நீர் சட்டையைப் பாரும் ஓய். ஆளை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காஜா எடுக்கும் பாய் தன் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் எதிரே விரித்தார். "தள்ளு தங்கச்சி. அங்க ஈ ஓட்டிக்கினு கீறேன், இங்க வந்து ஓட்டறேன்."

மத்தியானத்துக்குள் குவியல் காணாமல் போனது. என் மேசைக்குச் சட்டை ஒழுங்காக வர ஆரம்பித்தது. காஜாவும் பின்தங்கவில்லை. மேனேஜர் பம்பாயில் படித்த பாலன்ஸ் அவர் கண்ணெதிரில் நடந்தது.

அவர் கண்ணில் பட்டதோ பாய் இடம் மாறி உட்கார்ந்திருந்தது மட்டும். "இது லைன், சந்தைக்கடை இல்லை. அவங்கவங்க இடத்துக்குப் போகணும்." பாய் எழுந்து போனார். சனிக்கிழமை பழைய குவியல் பழையபடி நின்றது.

அவள் கத்தரிக்கோலைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"காலரு நல்லா இல்லன்னு ஒரு தபா சொல்லு சார், போயிட்றேன்."

"காலர் நன்னாத்தான் இருக்கு. வேகம் இல்லை."

போகும்போது பாயிடம் மட்டும், "வரேன் அண்ணாத்தே" என்றாள்.

திங்கட்கிழமை மயிலாப்பூர்க் கடை ஒன்றிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். மிஷினைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், உட்கார்ந்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "எதிர்ல கைவேலைக்கு ஆள் எங்க சார்?" என்றார், மிஷினுக்கு நூல் எங்கே என்று கேட்பதைப்போல.

மேனேஜர் யோசிக்கக்கூட இல்லை. "பாய், இங்கே வந்து உட்காருங்கோ."

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்தவர் என்று விட்டுவிடலாம் என்றால், ஒரு ஆண் கேட்டதும் தெரிந்துவிட்டதே. அவள் வாய்விட்டுச் சொன்னாள், நான் சொன்னேன், பாய் செய்தே காட்டினார். அப்போதெல்லாம் அது ஒழுங்கீனம்.

வரிசை ஓடியது. சாயங்காலம் முதலாளி வந்தபோது மேனேஜர் வாட்சைக் கையில் பிடித்தபடி, "ஆளை மாத்தினேன், லைன் சரியாயிடுத்து" என்றார். பாய் குனிந்த தலை நிமிராமல் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது என் மேசைக்கு ஒரு சட்டை வந்தது. புரட்டிப் பார்த்தேன். காலரின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திருப்பி அனுப்பினேன்.